ஒன்பது யூனிட்டில் ஒன்றுதான் சாலைக்கு

பழைய மாருதி 800 வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் புதிர் பழக்கமானது. ஒரு காலத்தில் லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது பதிமூன்றைத் தாண்ட மறுக்கிறது. ஓட்டுபவர் மாறவில்லை, போகும் வழியும் மாறவில்லை. ஒரு மெக்கானிக் "பிளக்கை மாத்துங்க" என்கிறார். இன்னொருவர் "ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்கிறார். மூன்றாமவர் "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், இனிமே இவ்வளவுதான்" என்று கைவிரிக்கிறார்.

இவற்றில் மூன்றாவது பதில் விளக்கமே அல்ல. இரும்புக்கு வயதானால் அதிக பெட்ரோல் செலவாக வேண்டும் என்று இயற்பியலில் எந்த விதியும் இல்லை. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதுதான் அங்கே விதி. அப்படியானால் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு சொட்டும் காரின் ஏதோ ஓரிடத்தில் வீண் வெப்பமாக மாறியிருக்க வேண்டும், அல்லது சரியாக எரியாமல் புகைக்குழாய் வழியே போயிருக்க வேண்டும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். மைலேஜைக் கூட்டுவது என்பது பெரும்பாலும் இந்தத் தேடல்தான்.

எடுத்துக்காட்டாக மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014இல் உற்பத்தி நின்ற இந்தக் காரின் எஞ்சின் 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்டது. முதலில் கார்புரேட்டருடன் வந்தது, 2000ஆம் ஆண்டை ஒட்டி எம்பிஎஃப்ஐ எனப்படும் எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறியது. பழைய பெட்ரோல் கார்களின் இரண்டு தலைமுறைகளையும் இந்த ஒரே காரில் பார்த்துவிடலாம். இங்கே சொல்வது ஜென்னுக்கும் சான்ட்ரோவுக்கும் பொருந்தும்.

முதலில் அளவு

நோய் இருக்கிறதா என்று தெரிய முதலில் அளக்க வேண்டும். டேங்க்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிவிட்டு, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான முறை. ஆனால் பம்ப்பின் குழாய் ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. அரை லிட்டர் முன்பின் ஆகலாம். ஐந்து லிட்டர் செலவழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அந்த அரை லிட்டர் பத்து சதவீதப் பிழையாகும். இருபது லிட்டர் ஓட்டிய பிறகு கணக்கிட்டால் அதே பிழை இரண்டரை சதவீதமாகச் சுருங்கும். எனவே ஒரே பம்ப்பில், குறைந்தது இரண்டு மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுக்க வேண்டும்.

ஆய்வகங்கள் வேறு வழியில் போகின்றன. காரை உருளைகளின் மேல் ஏற்றி, இருந்த இடத்திலேயே குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டுகிறார்கள். புனேயில் 1966இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமான ஏஆர்ஏஐயில் இப்படித்தான் புதிய கார்கள் சோதிக்கப்படுகின்றன. இத்தகைய சோதனையில் டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதைவிட நுட்பமான ஒரு வழி உண்டு. புகையைச் சேகரித்து, அதில் எவ்வளவு கார்பன் வெளியே வந்தது என்று எண்ணுகிறார்கள். பெட்ரோலோடு உள்ளே போன கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவோ, கார்பன் மோனாக்சைடாகவோ, எரியாத ஹைட்ரோகார்பனாகவோ வெளிவந்தே தீரும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். புகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் செலவான பெட்ரோல் தெரிந்துவிடும். புகை பேசும் என்ற இந்த உண்மை நம் தேடலுக்கும் பின்னால் உதவும்.

ஒரு லிட்டர் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலை மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் ஏறக்குறைய 9 யூனிட். இதில் காரைத் தள்ள உண்மையில் எவ்வளவு தேவை?

ஆட்களோடு 800 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்று சமதளத்தில் சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு தடைகள் பின்னே இழுக்கின்றன. ஒன்று டயர்கள் உருள்வதால் வரும் உருள்தடை. மற்றொன்று எதிர்க்காற்றின் தடை. தோராயமாகக் கணக்கிட்டால், இந்த வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், ஒவ்வொன்றும் பத்து கிலோ எடையைத் தூக்கத் தேவைப்படும் விசை அளவுக்கு. இந்த விசையைத் தாண்டி 20 கிலோமீட்டர் போக வேண்டிய ஆற்றல் ஒரு யூனிட்டைவிடச் சற்றே அதிகம்.

லிட்டருக்கு 20 கொடுக்கும் நல்ல நிலையிலுள்ள காரிலேயே, 9 யூனிட் கொடுத்து ஒரு யூனிட் வேலை வாங்குகிறோம் என்று பொருள். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் எஞ்சினுக்குள் உரசும் பாகங்கள் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. இதில் ஒரு பெரும்பகுதியை யாராலும் தடுக்க முடியாது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பங்கு வெப்பத்தை வெளியே விட்டே ஆக வேண்டும் என்பதை பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824இலேயே காட்டிவிட்டார்.

தேடலுக்கு இங்கே இரண்டு திசைகள் கிடைக்கின்றன. சாலை கேட்கும் அந்த ஒரு யூனிட் காரணமில்லாமல் ஒன்றரை ஆகியிருக்கிறதா? எஞ்சின் அந்த ஒன்றைத் தர ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டு கேட்கிறதா? பழைய காரில் பெரும்பாலும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கும்.

சாலை கேட்கும் விலை

டயரிலிருந்து தொடங்கலாம். சக்கரம் உருளும்போது, தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. ரப்பரை நசுக்கக் கொடுத்த ஆற்றலை அது முழுவதும் திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. இயற்பியலில் இதற்குத் தயக்க இழப்பு என்று பெயர். காற்று குறைந்தால் நசுங்கல் கூடும், இழப்பும் கூடும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் காற்றுக் குறைந்த டயர் மற்றவற்றைவிட அதிகம் சுடுவது இந்த இழப்பின் கண்கூடான சாட்சி. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். பத்து பிஎஸ்ஐ குறைந்து ஓடும் கார்கள் நம் தெருக்களில் ஏராளம். பெட்ரோலில் அது இரண்டு சதவீதம். அதைவிட முக்கியமாக, டயர் சூடேறி வெடிக்கும் ஆபத்தும் கூடுகிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது, கார் தயாரித்தவர் சொன்ன அளவுக்குக் காற்றுப் பிடிப்பதுதான் சரி. அந்த அளவையும் தாண்டி அடைத்தால் உருள்தடை சற்றுக் குறையும், ஆனால் மழையில் பிரேக் பிடிக்கும்போது டயரின் பிடிப்பும் குறைந்திருக்கும்.

பழைய காரில் இதைவிடப் பெரிய ஒளிந்த இழப்பு பிரேக் ஜாம். பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிப் போயிருக்கும். பிரேக் மிதியைவிட்டுக் காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். சத்தம் வராது, ஓட்டுபவருக்கும் தெரியாது. ஆனால் அந்த உரசலை வெல்ல எஞ்சின் நாள் முழுவதும் வேலை செய்கிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது. அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் குற்றவாளி. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பொறியாளர்கள் இதையே முழுக் காருக்கும் செய்கிறார்கள். காற்றில்லாத நேரத்தில், சமதளமான நேர்ச்சாலையில் ஒரு வேகத்துக்குக் கொண்டுவந்து நியூட்ரலில் விட்டு, வேகம் எவ்வளவு விரைவில் குறைகிறது என்று அளக்கிறார்கள். அந்த ஒரே பதிவிலிருந்து உருள்தடையையும் காற்றுத்தடையையும் தனித்தனியே பிரித்துவிடலாம். உருள்தடை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால் அதிவேகத்தில் வேகம் குறைவதன் பெரும்பங்கு காற்றினுடையது, மெதுவாக ஊரும்போது குறைவது டயரினுடையது.

இந்த இருமடிக் கணக்கு நெடுஞ்சாலையில் பர்ஸைத் தொடும். 60இல் சமமாக இருந்த இரண்டு தடைகளில் காற்றின் பங்கு, 90இல் இரண்டேகால் மடங்காகிவிடுகிறது. சிறிய எஞ்சினுள்ள கார் 100, 110இல் விரட்டப்படும்போது மைலேஜ் சரிவது எஞ்சின் கோளாறால் அல்ல. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கமான பிசிஆர்ஏ பல ஆண்டுகளாக 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான். கூரைமேல் சாமான் தூக்கும் கம்பிச்சட்டம் இருந்தால், சாமான் இல்லாதபோது கழற்றி வைத்துவிடுங்கள். வெறும் சட்டமும் காற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது.

நகரத்தில் கதை வேறு. அங்கே காற்று பெரிய எதிரி அல்ல, பிரேக்தான். 60 வேகத்தில் போகும் அந்த 800 கிலோ காரில் இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பிரேக் போட்டு நிறுத்தினால் அது முழுவதும் பிரேக் டிரம்மிலும் டிஸ்கிலும் வெப்பமாகிவிடும். நம் கணக்குப்படி, அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு அதே வேகத்தில் இன்னும் அரை கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கலாம். ஒவ்வொரு முழு நிறுத்தத்துக்கும் அரை கிலோமீட்டர் பெட்ரோல்! முன்னால் சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்தும் ஆக்சிலரேட்டரை மிதித்துப்போய்க் கடைசியில் பிரேக் அடிப்பவர், அந்த அரை கிலோமீட்டரை வாங்கி உடனே தூக்கி எறிகிறார். தொலைவிலேயே காலை எடுத்துவிட்டு வேகம் தானாகக் குறைய விடுபவருக்கு அதில் பாதியாவது மிஞ்சும். முரட்டுத்தனமாக ஓட்டினால் நகர நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் போகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எந்த உதிரிபாகத்தை மாற்றினாலும் கிடைக்காத லாபம் இது.

எஞ்சினின் வயிற்றுக்குள்

இனி எஞ்சின். பெட்ரோல் முழுதாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இதைச் சரிவிகிதக் கலவை என்று சொல்லலாம். காற்று இதைவிடக் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சமையலறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேஸ் அடுப்பின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் நீலச் சுடர் மஞ்சளாகிறது, பாத்திரத்தின் அடி கரி பிடிக்கிறது, சோறு வேக நேரமாகிறது, சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது. எஞ்சினுக்குள் நடப்பதும் அதேதான். பெட்ரோல் மிகுந்த கலவையில் கார்பன் பாதிதான் எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. எரியாத மீதிப்பாதியின் வெப்பத்துக்கும் நாம் பணம் கொடுத்திருக்கிறோம்.

அது எவ்வளவு என்பதை உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சீட்டு சொல்லும். புகைச் சோதனைச் சான்றிதழில் சிஓ என்று ஒரு சதவீதம் அச்சாகியிருக்கும். வெளிவரும் புகையில் ஒரு சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருந்தால், பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்று சதவீதம் அதோடு போகிறது என்று பொருள். மிகப் பழைய கார்களுக்குச் சட்டம் 3 சதவீதம் வரை அனுமதிக்கிறது, பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம். கார்புரேட்டர் கார் 2.8 காட்டினால் 'பாஸ்' முத்திரை விழுந்துவிடும். ஆனால் அந்த நிலையில் எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆற்றல் வீணாகிறது. சோதனை எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது எடுக்கப்படுவதால் ஓட்டத்தின் முழுக்கதையை இது சொல்லாது. என்றாலும் சென்ற முறையைவிட எண் ஏறியிருந்தால் கலவையைச் சந்தேகிக்க அது போதும்.

கார்புரேட்டர் காரில் காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. சோக் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கலாம். மிதவை தேய்ந்து பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கலாம். ஜெட் துளை தேய்ந்து பெரிதாகியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்க்கும் மெக்கானிக் படிப்பது இந்தக் கலவையைத்தான். இளம் பழுப்பு நலம், கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளிறியிருந்தால் காற்று அதிகம். கூடவே டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய வேக்குவம் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். லேசான சுமையில் தீப்பொறி சற்று முன்னதாக விழ வேண்டும், அதைச் செய்வது இந்தக் குழாய். அது வெடித்திருந்தால் பொறி தாமதமாகி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் வீணாகப் புகைக்குழாயைச் சூடாக்கும்.

எம்பிஎஃப்ஐ காரில் கலவையைப் பார்த்துக்கொள்வது கணினி. அதன் நாக்கு புகைக்குழாயில் செருகப்பட்ட ஆக்சிஜன் சென்சார். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976இல் வால்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்ட கருவி இது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா இல்லையா என்பதைச் சிறு மின்னழுத்தமாகச் சொல்லும். அதைக் கேட்டுக் கணினி நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். வயதான சென்சார் மந்தமாகிவிட்டால் கணினி தவறான தகவலை நம்பிப் பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கலாம். செயலிழந்த ஆக்சிஜன் சென்சாரை மாற்றியதில் 40 சதவீதம் வரை மைலேஜ் கூடிய நிகழ்வுகள் உண்டு என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எஞ்சின் விளக்கு எரிந்தும் "வண்டிதான் ஓடுதே" என்று அதை மறைத்து ஒட்டிவிட்டு ஓட்டுவது மிக விலையுயர்ந்த சிக்கனம்.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெயில் நாட்டுக்கு எதற்கு என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது. எஞ்சின் குளிராக இருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகு திறப்பதுதான் இந்த வால்வின் வேலை. சென்னையின் 40 டிகிரி வெயில்கூட எஞ்சினுக்குக் குளிர்தான். வால்வு இல்லையென்றால் எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகிறது. ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டுகிறது. எம்பிஎஃப்ஐ காராக இருந்தால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கிறது. கார் அடிக்கடி சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேனையும் சரிசெய்ய வேண்டும், தெர்மோஸ்டாட்டை நீக்குவது மருந்தல்ல.

ஏர் ஃபில்டரைப் பற்றிப் பரவலாக நிலவும் நம்பிக்கையை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்தது. கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும் மைலேஜ் மாறவில்லை. பிக்கப்தான் குறைந்தது. கார்புரேட்டர் காரில் மட்டும் மைலேஜும் சில சதவீதம் சரிந்தது. காரணம் அழகானது. பெட்ரோல் எஞ்சினில் வேகத்தைக் குறைப்பதே காற்று வழியை மூடித்தான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது திராட்டில் என்ற தகடு வழியைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் ஓட்டுபவர் தன்னறியாமல் தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிவிடுகிறார், வரும் காற்றை அளந்து கணினியும் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அந்த அளவுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது. ஃபில்டரை மாற்றத்தான் வேண்டும், தூசியிலிருந்து எஞ்சினைக் காப்பது அதுதானே. ஆனால் எம்பிஎஃப்ஐ காரில் மைலேஜ் விழுந்ததற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தத் திராட்டில் தகடு இன்னொரு பாடமும் தருகிறது. தகடு மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை எதிர்த்துக் காற்றை இழுக்க வேண்டும். இதை உறிஞ்சு இழப்பு எனலாம். அதோடு, எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு ஒரு கட்டணம் வசூலிக்கிறது. மேல் கியரில் மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்குச் சுற்றுகள் குறைவு, தகடும் அகலத் திறந்திருக்கும். இரண்டு இழப்புகளும் ஒரே நேரத்தில் குறைகின்றன. 45 வேகத்தில் மூன்றாம் கியரில் அலறவிடுவதைவிட நான்காம் கியரில் அமைதியாகப் போவதால் வரும் லாபம் இது. எஞ்சின் உதறவோ தட்டவோ தொடங்கினால் மட்டும் கியரை இறக்க வேண்டும்.

இறக்கத்தில் நியூட்ரல்

ஏற்காட்டிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எம்பிஎஃப்ஐ காரில் நடப்பது நேர்மாறானது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. பெட்ரோல் தேவையில்லை என்று கணினி தெளிப்பை நிறுத்தியே விடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். கார்புரேட்டர் காரில் இந்த முழு நிறுத்தம் இல்லை. என்றாலும் மலையிறக்கத்தில் நியூட்ரல் என்பது எஞ்சினின் பிடிப்பை முற்றிலும் இழந்து, முழுச் சுமையையும் பிரேக்கின்மேல் ஏற்றுவது. தொடர்ந்து சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். எந்த மிச்சமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

கார் செய்யாத குற்றம்

மைலேஜ் இழப்பில் ஒரு பங்கு காருடையதே அல்ல. 2023 முதல் படிப்படியாகப் பரவி, இன்று பம்ப்புகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் மொத்தத்தில் ஆறேழு சதவீதம் குறையும். நீதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் வழிகாட்டி அறிக்கையும், வெறும் பெட்ரோலுக்கென வடிவமைத்துப் பத்து சதவீதக் கலவைக்குச் சீரமைத்த நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றே மதிப்பிட்டது. 18 கொடுத்த கார் 17-க்கு இறங்கியதற்கு இது ஒன்றே போதும். ஆனால் 13-க்கு இறங்கியதற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது. பழைய கார்களில் எத்தனால் ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்பதால், பெட்ரோல் வாசனை வந்தால் கசிவை உடனே பார்க்க வேண்டும். இது மைலேஜ் கணக்கு மட்டுமல்ல, தீ விபத்துக் கணக்கும்கூட.

காந்தமும் மாத்திரையும்

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை, காற்றைச் சுழற்றும் விசிறி என்று 'மைலேஜ் கூட்டும்' பொருள்கள் விற்றுக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆய்வுசெய்தது. மிகச் சிலவற்றில் மட்டும் சிறு பலன் தெரிந்தது. பெரும்பாலானவற்றில் எதுவுமில்லை. ஏன் என்று நம் கணக்கே சொல்லும். நல்ல நிலையிலுள்ள சூடான எஞ்சினில் பெட்ரோலின் 95 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. "பெட்ரோலை முழுசா எரிய வைக்கும்" கருவி 30 சதவீத லாபத்தை எங்கிருந்து எடுக்கும்? வாங்கியவர்கள் பலன் கண்டதாகச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கருவி மாட்டியவர் சில நாள் கவனமாக ஓட்டுகிறார், ஐந்து லிட்டரில் அளக்கிறார். அந்தப் பிழையே பத்து சதவீதம்.

எதை முதலில் செய்வது?

செலவில்லாததிலிருந்து தொடங்கலாம். முதலில் இரண்டு மூன்று முறை டேங்க் நிரப்பி அளவு. பிறகு காற்று, சக்கரச் சூடு, டிக்கியில் சுமந்து திரியும் வேண்டாத பாரம். அடுத்துப் புகைச் சீட்டின் சிஓ எண், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்ற கேள்வி. கார்புரேட்டர் என்றால் சோக், ஜெட், வேக்குவம் குழாய். எம்பிஎஃப்ஐ என்றால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்வது. இவையெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் கம்ப்ரஷன் சோதனை. வால்வும் ரிங்கும் தேய்ந்து அழுத்தம் கசிந்தால் அதற்குப் பெரிய செலவு இருக்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியது அளவுகள்தான், யூகம் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்தால் எது பலன் தந்தது என்று தெரியும். இந்த வழியில் பழைய கார் இழந்ததைத் திரும்பப் பெறலாம். தயாரித்தபோது இல்லாத திறனை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இவ்வளவு சிரமம் பழைய காருக்குத் தேவையா என்று தோன்றலாம். உண்மையில் பழைய காருக்குத்தான் அதிகம் தேவை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு மயக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவதால், எங்கே உயர்ந்தாலும் லாபம் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் கார் 20-லிருந்து 24-க்கு ஏறினால் மிஞ்சுவது 83 லிட்டர். அதே தூரம் ஓடும் இன்னொரு கார் 13-லிருந்து 17-க்கு ஏறினால் மிஞ்சுவது 181 லிட்டர். அதே நான்கு கிலோமீட்டர் உயர்வுதான், மிச்சமோ இரண்டு மடங்குக்கும் மேல். இன்றைய விலையில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் ரூபாய், காற்றில் கலக்காமல் போகும் நானூறு கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு. புதிய காரில் சிறு கோளாறைச் சரிசெய்து கிடைக்கும் மிச்சத்தைவிட, அதிகம் வீணாக்கிக்கொண்டிருக்கும் பழைய காரில் ஒட்டிக்கொண்ட ஒரு பிரேக்கையும் கெட்டுப்போன ஒரு சென்சாரையும் சரிசெய்து கிடைப்பது மிகப் பெரிது.